வேடிக்கை வந்தாச்சா?

காஞ்சிபுரத்தில் வேலை செய்தே ஆக வேண்டும் என்ற தலையெழுத்து இல்லாமல் பிறந்தவர் ஒரே ஒருத்தர்தான். அவர் எங்கள் தெருவில் இருந்தார். மீதி ஊர் தறிக்குழிக்குள் இருந்தது.

அவருக்குப் பெயர் உண்டு. மகள் கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்தபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. "யாருப்பா இது?" என்று பக்கத்து வீட்டு எத்திராஜ் கேட்டான். அதுவரைக்கும் அவர் வேடிக்கை. பெரியவர்களுக்கு வேடிக்கை, சின்னவர்களுக்கு வேடிக்கை மாமா, எனக்கு வேடிக்கையண்ணன். அப்படிக் கூப்பிட்டால் கோபம் வராது. திரும்பிப் பார்ப்பார். பார்ப்பதுதான் அவருக்கு எல்லாமே.

அவர் அப்பா விட்டுப்போன கடைகள் கோயில் பக்கம் இருந்தன. வாடகை வந்துவிடும். சோற்றுக்குக் குறை இல்லை. அவர் வீட்டிலும் ஒரு காலத்தில் தறி இருந்தது. அப்பா போன பிறகு தறியை விற்றார். ஆள் வைத்து, நெய்கிறவன் காலை இறக்கும் தறிக்குழியை மண் போட்டு மூடினார். மூடினவர்களை நின்று பார்த்தார். அன்றைக்கு ஆரம்பித்தது.

வேலை செய்யாமலே சோறு கிடைத்தால் என்ன செய்யலாம் என்று எங்கள் தெருவில் பேசாத நாள் கிடையாது. தறியில் நாடா அங்கும் இங்கும் ஓடும்போது பேச்சும் ஓடும். எத்திராஜ் என்னைப் போல நெய்கிறவன். அவன் காசிக்குப் போவான். வழியில் எங்கேயும் இறங்க மாட்டான். டீக்கடை கோபால் தினம் மேட்னி பார்ப்பான். பார்த்த படத்தையே பார்ப்பான். என்னைக் கேட்டார்கள். தூங்குவேன் என்றேன்.

இதெல்லாம் செய்ய வசதி இருந்த ஒரே ஆள் எங்கேயும் போகவில்லை. காலையில் குளிப்பார். விபூதி பூசுவார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நாங்கள் வேலை செய்வதைப் பார்க்க வந்துவிடுவார்.

எத்திராஜுக்குப் பொறுக்காது.

"இன்னா மாமா, உனக்கு இன்னா கொறை? காசிக்குப் போயேன்."

"அங்க இன்னா வேலை நடக்குது?"

"வேலையா? சாமி கும்புடலாம் மாமா. கங்கையில முழுவலாம்."

"நீ போய் முழுவு. நான் பாத்துக்கினு இருக்கேன்."

ஒருநாள் நான் கேட்டேன். எப்போதாவதுதான் கேட்பேன். "இதுல இன்னாண்ணா இருக்குது பாக்க?"

அவர் யோசித்தார். "நெய்யும்போது உன் கையை நீ பாத்திருக்கியா தம்பி?"

"கையைப் பாத்துக்கினு இருந்தா தறி எப்படிண்ணா ஓடும்?"

"அதான். யாராவது பாக்க வேணாமா?"

நான் தறியின் மிதியை அழுத்தினேன்.

வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் சும்மா பார்ப்பதில்லை. "இப்படிப் பண்ணு, அப்படிப் பண்ணு" என்பார்கள். எங்கள் வேடிக்கை வாயைத் திறக்க மாட்டார். குந்தி உட்காருவார். முகவாயைக் கையில் தாங்குவார். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பார்ப்பார். வேலை சரியில்லை என்றால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். வேலை நன்றாக முடிந்தால் "ம்ம்" என்பார். மூக்கிலிருந்து வரும். அவ்வளவுதான்.

அந்த "ம்ம்"முக்காக ஊர் அலைந்தது. நான் பொய் சொல்லவில்லை.

பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் ஒருத்தர் வருவார். துருத்தியை நட்டு, கரியைப் பற்றவைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"ஆரம்பிய்யா, அடுப்பு எரியுதே" என்பார்கள் பெண்கள்.

"வேடிக்கை வந்தாச்சா?"

வந்த பிறகுதான் முதல் அண்டா. அம்மி கொத்துகிறவளும் அப்படித்தான். எங்கள் தெருவுக்குக் கரண்டுக் கம்பம் நட வந்தவர்கள் வெளியூர் ஆட்கள். அவர்களுக்கு இவரைத் தெரியாது. முதல் கம்பத்துக்கு இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மேஸ்திரி, "யாருய்யா அந்தாளு, ஆபீசரா?" என்று பயந்து கம்பத்தைப் பிடுங்கி மறுபடி நட்டான். எங்கள் தெருவில் அந்த ஒரு கம்பம்தான் இன்னமும் நேராக நிற்கிறது.

பொற்கொல்லர் மட்டும் அவரைக் கண்டால் பிடிக்காது என்பார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

பார்ப்பதால் வந்த வினையும் உண்டு. டீக்கடை பக்கம் நான் நிறுத்தியிருந்த சைக்கிளின் முன் சக்கரத்தை ஒருத்தன் கழற்றிக்கொண்டு போய்விட்டான். பட்டப்பகல். வேடிக்கை பக்கத்திலேயே குந்தி முழுசும் பார்த்திருக்கிறார். விசாரிக்க ஏட்டு வந்தார்.

"திருடன் மூஞ்சி எப்படிய்யா இருந்தது?"

"மூஞ்சிய யாரு பாத்தா? கையப் பாத்தேன். இன்னா சுத்தமான கை ஏட்டய்யா! நட்டை இப்படித் தொட்டான். கழண்டுகிச்சு. ஒரு தட்டு இல்ல, ஒரு சத்தம் இல்ல."

"தடுக்கலையா நீ?"

"வேலை பாதியில நிக்குதே, எப்படித் தடுக்கறது?"

"அடையாளம் சொல்வியா, மாட்டியா?"

"கையக் காட்டினா சொல்வேன்."

ஏட்டு தன்னை அறியாமல் தன் கையைப் பார்த்துக்கொண்டார். அப்புறம் பின்னால் கட்டிக்கொண்டார். "அவனுக்கு நீ 'ம்ம்' சொன்னியாண்ணா?" என்று நான் கேட்டேன். தலையைக் குனிந்தார். சொல்லியிருக்கிறார்.

அமாவாசை அன்று தறி ஓட்டக்கூடாது. அது எங்கள் வழக்கம். தெருவே சத்தமில்லாமல் கிடக்கும். அன்றைக்குத்தான் எங்கள் லட்சணம் தெரியும். காசிக்குப் போகிறவன், மேட்னி போகிறவன், தூங்குகிறவன் எல்லாம் வாசலில் உட்கார்ந்து கொட்டாவி விடுவோம். எத்திராஜ் காரணம் இல்லாமல் பெண்டாட்டியிடம் சண்டை போடுவான். நான் படுப்பேன். தூக்கம் வராது. கால் மட்டும் இல்லாத மிதியை மிதித்துக்கொண்டே இருக்கும். வேடிக்கையண்ணன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவார். அங்கே பஸ் கழுவுவார்கள். சாயந்திரம் முகம் மலர்ந்து வருவார்.

ஒரு நாள் விட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்படியே போயிருக்கும். அவருக்கு ஒரு மகள். சரசு. கல்யாண வயசு வந்தது.

கூரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். சொஜ்ஜி சாப்பிட்டார்கள். சரசுவைப் பிடித்திருந்தது. பையனின் மாமா வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டார். "பொண்ணோட அப்பா இன்னா வேலை பண்றாரு?"

மங்கம்மா அண்ணி, வேடிக்கையின் சம்சாரம், சமாளிக்கத் தெரியாதவர். "சும்மா இருக்காருங்க" என்றுவிட்டார்.

"சும்மான்னா? உடம்புக்கு ஏதாவது…"

"உடம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்குதுங்க."

வெற்றிலையோடு போனவர்கள்தான். சும்மா இருக்கிற ஆளின் மகளைக் கட்டினால் நாளைக்கு மாமனாரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டிவரும் என்று யாரிடமோ சொன்னார்களாம். தெருவுக்கு வந்து சேர்ந்தது.

"ஊரே வேலை செய்யுது. அதப் பாக்கறதுக்குன்னே ஒருத்தரப் பெத்து என் தலையில கட்டிட்டாங்க" என்று அண்ணி கிணற்றடியில் அழுதார். சரசு உள்ளேயிருந்து, "எங்கப்பாவ ஒண்ணும் சொல்லாதம்மா" என்றாள். அவள் குரலும் சரியில்லை.

அன்றைக்கு வேடிக்கையண்ணன் என் தறிக்கு வந்தார். குந்தவில்லை. நின்றார்.

"எனக்கு ஒரு வேலை பாத்துக் குடு தம்பி."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் நான் நாடாவைத் தவறவிட்டேன்.

எங்களுக்குப் பட்டு கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி அவரை ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வேடிக்கை பக்கத்தில் இருந்தால் தறிக்காரன் நூல் அறுபட விடுவதில்லை என்று அவருக்குத் தெரியும். தன் தறிக்கூடத்தில் நாற்காலி போட்டார். "உனக்கு இன்னா தெரியுமோ அதத்தான் செய்யச் சொல்றேன். உக்காந்து பாரு. அதுக்குச் சம்பளம்" என்றார். இதைவிட நல்ல வேலை உலகத்தில் உண்டா? தெருவே சந்தோஷப்பட்டது. அண்ணி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

முதல் நாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மத்தியானம் கொட்டாவி விட்டார். மறுநாள் குறட்டை விட்டார். தறிச்சத்தத்தைத் தாண்டிக் கேட்டது.

முதலாளி உலுக்கினார். "இன்னாய்யா இது? தெருவுல நாள் பூரா கண்ணு கொட்டாம பாப்பியே?"

"அய்யா, பாத்தே ஆவணும்னு சொன்னதும் கண்ணு சொருவுது. நான் இன்னா பண்ணட்டும்?"

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். வழியில் யாரோ ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதைக்கூட நிற்காமல் தாண்டி வந்தார். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வரன் வாலாஜாபாத். பையனின் அப்பா அரிசி மில்லில் மிஷின் பார்க்கிறவர். பையனும் அதே மில். ஓய்ந்து உட்காராத மனுஷன், கண்டிப்பான ஆள் என்று தரகர் சொன்னார். வேடிக்கையண்ணனின் நெய்யாத கையைப் பார்த்தால் அவர் என்ன சொல்வாரோ என்று அண்ணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதுவும் போனால் அடுத்தவன் தெருவுக்குள்ளேயே வரமாட்டான்.

தெருவில் கூடிப் பேசினோம். யார் கேட்டாலும் வேடிக்கைக்கு ஒரு வேலை சொல்லிவிடுவது என்று முடிவானது. என்ன வேலை என்று முடிவு செய்ய மறந்துவிட்டோம்.

வந்தார்கள். ஒல்லியான மனுஷன் பையனின் அப்பா. விரல் இடுக்கெல்லாம் கிரீஸ் கறுப்பு. உட்கார்ந்ததும் பெஞ்சு ஆடியது. குனிந்து பெஞ்சின் காலைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து கேட்டார்.

"சம்பந்தி இன்னா தொழில்?"

"பட்டு வியாபாரம்" என்றான் எத்திராஜ்.

"லாரி வெச்சிருக்காரு" என்றான் கோபால். இரண்டும் ஒரே நேரத்தில்.

"பட்டு வியாபாரத்துக்கு லாரியா?"

"பட்ட லாரியில ஏத்திக்கினு…" என்று எத்திராஜ் ஆரம்பித்தான். ஒரு மூட்டைப் பட்டு வாங்க வேண்டுமென்றால் தெருவையே விற்க வேண்டும். அவனுக்கே மேலே பேச்சு வரவில்லை.

வேடிக்கையண்ணன் சலவைச் சட்டையில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். வாய் திறக்கக்கூடாது என்று அண்ணி சத்தியம் வாங்கியிருந்தார்.

மில்லுக்காரர் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். என்னிடம் வந்து நின்றார். "நீ ஒண்ணும் பேசலியே. நீ சொல்லுப்பா. அவரு இன்னா பண்றாரு?"

எனக்குப் பொய் வராது. பேச்சே வராது, பொய் எங்கே வரும்.

"பாக்கறாரு" என்றேன்.

"என்னத்தப் பாக்கறாரு?"

"எல்லாத்தையும்."

எத்திராஜ் என் காலை மிதித்தான். அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போது பின்கட்டில் யாரோ தண்ணீர் சேந்தினார்கள். கிணற்று ராட்டினம் கத்தியது. எங்களுக்குப் பழகின சத்தம். மில்லுக்காரர் பல்லைக் கடித்தார். மறுபடி கத்தியது.

"யாரும்மா அது? கொஞ்சம் நிறுத்து" என்று எழுந்தார். "இந்தச் சத்தத்துல எப்படி இருக்கறீங்க?" வேட்டியை மடித்துக் கட்டினார். கிணற்றடிக்குப் போய்விட்டார். அவர் சம்சாரம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "எங்க போனாலும் இதே ரோதனை. பொண்ணு பாக்க வந்த எடத்துல…"

சுத்தி கேட்டார். நல்லெண்ணெய் கேட்டார். ராட்டினத்தைக் கழற்றித் தரையில் போட்டு உட்கார்ந்தார்.

கூடத்தில் நாற்காலியில் இருந்த வேடிக்கையண்ணனைப் பார்த்தேன். இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்திருந்தார். கழுத்து மட்டும் பின்கட்டுப் பக்கம் நீண்டுகொண்டே போனது. அண்ணி கண்ணாலேயே மிரட்டினார். சுத்தி சத்தம் கேட்டது. அவ்வளவுதான். சலவைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் போய்க் கிணற்றடியில் குந்திவிட்டார். முகவாய் கையில்.

"போச்சு" என்றான் எத்திராஜ்.

மில்லுக்காரர் தேய்ந்த அச்சைத் தட்டி நேராக்கினார். ஒரு ஆணியை வளைத்து அடைப்பு வைத்தார். எண்ணெய் விட்டார். ஒருமுறை நிமிர்ந்து, எதிரில் குந்தியிருப்பவரைப் பார்த்தார். ஏதாவது சொல்வாரோ என்று காத்திருந்தார். இவர் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவர் கை மாறியது. அதை நான் கண்ணால் பார்த்தேன். அவசரம் போய்விட்டது. தேவையில்லாத இடத்தையெல்லாம் துடைத்தார். கயிற்றுக்குப் புதுசாக முடிச்சுப் போட்டார். பஜ்ஜி ஆறியது. பெண்ணைப் பார்க்க வந்தவர்களும் நாங்களும் கிணற்றைச் சுற்றி நின்றோம். சரசுவும் ஜன்னலில் நின்றாள். பையன் ராட்டினத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தான்.

மாட்டினார். கயிற்றை இழுத்தார். குடம் இறங்கியது, ஏறியது. சத்தமே இல்லை.

"ம்ம்" என்றார் வேடிக்கையண்ணன்.

மில்லுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். குரல் வேறு மாதிரி இருந்தது. "சின்ன வயசுலேர்ந்து மிஷின்லதான் கிடக்கறேன். நின்னுபோனா மட்டும் நாலு பேரு ஓடியாந்து கத்துவானுங்க. ஓடும்போது ஒருத்தன் பாத்ததில்ல." என் பக்கம் திரும்பினார். "பாக்கறாருன்னு சொன்னியே. சரியாத்தான் சொன்ன."

கூடத்துக்கு வந்து ஆறின பஜ்ஜியை எடுத்துக் கடித்தார். "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குது."

"இன்னும் நீங்க பொண்ணையே பாக்கலியேங்க" என்றார் அண்ணி.

"அவன் பாத்துட்டான்" என்று மகனைக் காட்டினார்.

முகூர்த்தப் புடவை நான்தான் நெய்தேன். அரக்கு உடல், பச்சை முந்தானை. இரண்டும் சேருகிற இடத்தில் இழை இழையாகப் பிணைக்க வேண்டும். முதுகு ஒடிகிற வேலை. வேடிக்கையண்ணன் ஒரு நாள் விடாமல் வந்து குந்தினார். நானும் என்றைக்கும் நெய்யாத மாதிரி நெய்தேன். தறியிலிருந்து அறுத்து, மடித்து, மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். காத்திருந்தேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தையும் துடைக்கவில்லை. எழுந்து போனார். அன்று ராத்திரி எனக்குச் சோறு பிடிக்கவில்லை. என்னடா என்று வீட்டில் கேட்டார்கள்.

கல்யாணம் எங்கள் தெருவிலேயே, பந்தல் போட்டு. பெண்ணைப் பெற்றவன் கல்யாணத்தன்று உட்காரக்கூடாது. ஓட வேண்டும், கும்பிட வேண்டும், வாளி தூக்க வேண்டும். அண்ணி அவர் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்தார். எத்திராஜ் ஓடிவந்து பிடுங்கினான். "மாமா, குடு. நீ போய் உக்காரு." யாரும் பேசி வைக்கவில்லை. ஆனால் எல்லாரும் அப்படியே செய்தோம். கோபால் கடையை மூடிவிட்டுக் காப்பி போட்டான். நான் பந்தி பரிமாறினேன். எரியாத பெட்ரோமாக்ஸைச் சம்பந்தியே பிரித்துப் போட்டுச் சரிசெய்தார். பந்தலில் எல்லாருக்கும் முன்னால் ஒரு நாற்காலி போட்டு வேடிக்கையண்ணனை உட்கார வைத்தோம். தாரை வார்க்கக் கூப்பிட்டார்கள். போய் வார்த்துவிட்டு மறுபடி நாற்காலிக்கு வந்துவிட்டார்.

நாதஸ்வரக்காரர் சீவாளியை உதட்டில் வைத்தபடி கேட்டார். "வேடிக்கை வந்தாச்சா?"

"ஆச்சு, ஆச்சு."

கெட்டிமேளம். தாலி ஏறியது. சரசு நிமிர்ந்தாள். அரக்கும் பச்சையும் வெளிச்சத்தில் தெரிந்தன. பந்தலில் எல்லாரும் மணமக்களை விட்டுவிட்டு நாற்காலியைப் பார்த்தோம்.

துண்டை எடுத்தார். எனக்குத் திக்கென்றது. முகத்தைத் துடைக்கவில்லை. கண்ணைத் துடைத்தார். அப்புறம் சொன்னார்.

"ம்ம்."

அது எதற்கு என்று தெருவில் ரொம்ப நாள் சண்டை நடந்தது. கெட்டிமேளத்துக்கு என்றார் நாதஸ்வரக்காரர். காப்பிக்கு என்றான் கோபால். பெட்ரோமாக்ஸுக்கு என்று வாலாஜாபாத்தில் சம்பந்தி சொல்லிக்கொண்டு திரிந்தாராம். எத்திராஜ் வெட்கமே இல்லாமல் சாம்பாருக்கு என்றான். அவரையே கேட்டிருக்கலாம். ஏனோ யாரும் கேட்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்தும் வருஷங்கள் ஆகிவிட்டன.

நான் அந்தச் சண்டையில் வாயைத் திறந்ததில்லை. திறக்க என்ன இருக்கிறது.

அது புடவைக்குத்தான்.